திருகோணமலைக் குளங்களை ஒட்டித் தனியே சைக்கிளில்: யானைப் பயம் எவ்வளவு உண்மை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். மலைக்காட்டு ஏரிகளைச் சுற்றி ஆளரவமில்லாத பாதையில் சைக்கிளில் போகும் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்திருக்கிறீர்கள். கையில் நான்கு நாள் லீவு இருக்கிறது. திருகோணமலை மாவட்டத்தில் காடும் மலையும் குளமுமாக, வாகன இரைச்சல் இல்லாமல், தனியே, கூடாரத்தோடு போய்வர வழி கேட்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், "யானைப் பயம் உண்மையா, ஊர்க்கதையா?" என்றும் ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாகப் படுகிறது. வழியை வரைபடத்தைப் பார்த்தால் எவரும் சொல்லிவிடுவார்கள். காட்டோரத் தண்ணீருக்குப் பக்கத்தில் தனி ஆளாக எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்பதை வரைபடம் சொல்லாது.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் களவேலை பார்த்து ஓய்வு பெற்றவன். துருசு (குளத்து மதகு) திறப்பது, வான் (மிகைநீர் வழியும் இடம்) மட்டம் பார்ப்பது, கட்டில் கசிவு உண்டா என்று நடந்து தேடுவது, இவைதான் தொழில். கந்தோர் ஜீப் பெரியவர்களுக்கு, எங்களுக்குச் சைக்கிள். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆகவே குளம், கட்டு, ரோட்டு, சைக்கிள் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். யானை பற்றிச் சொல்வது அதற்குப் பக்கத்தில் வேலை செய்தவன் கண்டது மட்டும்தான். அந்தப் பகுதியைப் புறப்படுமுன் வனஜீவராசிகள் திணைக்களத்தின் உள்ளூர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் மலையைத் தீர்த்துவிடுவோம். திருகோணமலை என்று பெயரில் இருக்கிறதே தவிர, நீங்கள் நினைக்கும் மலை இங்கே இல்லை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கோணேசர் மலை, கன்னியாவைச் சுற்றிய குன்றுகள், அநுராதபுர வீதியில் காட்டுக்கு மேலே தலை நீட்டும் பாறைகள், அவ்வளவுதான். மூச்சு வாங்க ஏற வேண்டிய ஏற்றம் அபூர்வம். ஆனால் நீங்கள் பார்க்கப்போகும் பெரிய குளத்தின் தண்ணீர் மலையிலிருந்துதான் வருகிறது. மாத்தளை, நக்கிள்ஸ் மலைப் பக்கத்து மழை அம்பன் கங்கையில் இறங்கி, எலஹரையில் கால்வாயில் திரும்பி, மின்னேரியா, கவுடுல்ல குளங்களைத் தாண்டிக் கந்தளாய்க்கு வந்து சேர்கிறது. மலையும் வேண்டும், குளமும் வேண்டும் என்றால் அந்தத் தண்ணீர் வந்த வழியே மேலே போக வேண்டும். அது நான்கு நாள் காரியமில்லை. கடைசியில் அதற்கு வருகிறேன்.

காணொளியில் பார்த்த ஏரிக்கு எல்லாக் கரையும் ஒன்றுதான், சுற்றி வரலாம். எங்கள் குளம் அப்படியில்லை. அதற்கு முன்பக்கமும் பின்பக்கமும் உண்டு. முன்பக்கம் கட்டு: மண்ணால் உயர்த்தி, தண்ணீர்ப் பக்கம் கல் அடுக்கி, இடையில் துருசு வைத்து, ஓரத்தில் வான் விட்டது. கட்டுக்குக் கீழே வாய்க்கால், வயல், ஊர், கோயில், பள்ளிவாசல், தேத்தண்ணிக் கடை. பின்பக்கம் அலைகரை. அங்கே கரை என்று ஒன்று நிலையாக இருக்காது. மழையில் தண்ணீர் காட்டுக்குள் ஏறும், கோடையில் இறங்கிப் புல்தரை விடும். அந்தப் புல்லும் தண்ணீரும் காட்டின் நிழலும் ஒரே இடத்தில் கிடைப்பதால் யானை இருப்பது அங்கேதான். நீங்கள் கேட்ட "காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே அமைதியான பாதை" என்பது சரியாக அந்த அலைகரைதான். வரைபடச் செயலியில் அங்கே மெல்லிய கோடு ஒன்று தெரியும். மாட்டுப் பட்டிக்காரர் போகும் தடம் அது. அதில் போகாதீர்கள். இந்தப் பதிலில் இந்த ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டாலும் எனக்குப் போதும். குளத்தைச் சுற்ற வேண்டாம். கட்டில் நின்று அக்கரையைப் பாருங்கள். காடு, தண்ணீர், விலங்கு எல்லாம் கண்ணுக்குக் கிடைக்கும், நீங்கள் நிற்பது ஊர்ப் பக்கமாக இருக்கும்.

கட்டு என்று சொன்னாலும் எல்லாக் கட்டிலும் சைக்கிள் விடமாட்டார்கள். சங்கிலி போட்டிருந்தால் அது மோட்டார் வாகனத்துக்கு மட்டும்தானே என்று நினைத்து நுழையாதீர்கள், காவலாளியிடம் கேளுங்கள். சும்மா கெடுபிடி என்று நினைக்கவும் வேண்டாம். கந்தளாய்க் குளத்தின் கட்டு 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் தூக்கத்திலேயே அள்ளுண்டு போனார்கள். அந்தக் குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான், பூதங்கள் மண் சுமந்தன என்பது எங்கள் பக்கத்து வாய்மொழி. ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி காலத்தது என்பது சரித்திரம் எழுதியவர்கள் கூற்று. இரண்டில் எதைப் பிடித்தாலும் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மண் அது. கட்டுச் சரிவில் சைக்கிளை இறக்கி ஏற்றி விளையாடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் கை பதறும்.

விடிந்து அரைமணி நேரத்தில் கந்தளாய்க் கட்டில் நின்றால் நான் சொல்வது புரியும். மருதமரத்து வேரடியில் தண்ணீர் தட்டும் சத்தம் கேட்கும். இரவு போட்ட வலையைத் தோணிக்காரர் இழுத்துக்கொண்டிருப்பார், திலாப்பியாதான் பெரும்பாலும், இடையில் ஒரு விரால். பட்டமரக் கொம்புகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். அக்கரையில் சாம்பல் நிறப் பாறைபோல ஏதோ இருக்கும். பார்த்துக்கொண்டே நின்றால் அந்தப் பாறை காதை அசைக்கும். இருகண் நோக்கி ஒன்று கொண்டுவாருங்கள். கூடாரத்தைவிட அது பயன்படும்.

இனி யானை. பயம் உண்மைதான். இதில் நிச்சயமாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறேன். நிச்சயமானது: மாலை 5 மணியிலிருந்து காலை 6 மணி தாண்டும்வரை காட்டோர ரோட்டு யானையுடையது. பகலில் அது காட்டு நிழலில் நிற்கும், வெயில் தணிந்த பின் தண்ணீருக்கும் பயிருக்கும் இறங்கும். இன்னொன்றும் நிச்சயம், அதைச் சைக்கிள்காரர்கள் யோசிப்பதில்லை. உங்கள் வண்டிக்குச் சத்தமில்லை. மோட்டார் சைக்கிள் வருவதை யானை தூரத்திலேயே கேட்டு ஒதுங்கிக்கொள்ளும். வளைவில் சத்தமில்லாமல் திடீரென்று பதினைந்து முழத்தில் வந்து நிற்கும் மனிதனைக் கண்டால் அது முதலில் மிரளும், பிறகு துரத்தும். நீங்கள் தேடி வரும் அந்த அமைதியே இந்த இடத்தில் ஆபத்து. காட்டுத் துண்டுக்குள் போகும்போது மணியை அடியுங்கள், பாடத் தெரியாவிட்டாலும் பாடுங்கள். காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். யானை ஓடினால் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். கிரவல் ரோட்டில் சாமான் கட்டிய சைக்கிளில் திருப்பி மிதித்துத் தப்பலாம் என்பது கனவு.

ஊகம் என்று சொல்வது யானையின் மனநிலையைப் பற்றிய பேச்சுகளை. "தனியன்தான் துரத்தும், கூட்டம் ஒன்றும் செய்யாது" என்பார்கள். தனியன் ஆபத்து என்பது சரி. ஆனால் கன்றோடு நிற்கும் கூட்டம் சாது என்று நம்பி நெருங்குவது மடைத்தனம். "இந்த ரோட்டு யானை பழகினது" என்பார்கள். வாகனத்தை மறித்துப் பழம் வாங்கித் தின்னப் பழகிய யானை சைக்கிளையும் மறிக்கும், உங்களிடம் கொடுக்கப் பழம் இருக்காது. எந்த நாளில் எந்தப் பக்கத்தால் இறங்கும் என்பதை முந்தின நாள் கண்டவர் மட்டுமே சொல்லலாம். ஆகவே கேட்கும் விதம் முக்கியம். "யானை இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்கும்" என்பார்கள், அதில் ஒரு பயனும் இல்லை. "நேற்று எத்தனை மணிக்கு, எந்த இடத்தால் ரோட்டைக் கடந்தது?" என்று கேளுங்கள். பட்டிக்காரரும், காவல் பரணில் இரவு கிடந்தவரும், முதல் பஸ் கண்டக்டரும் துல்லியமாகச் சொல்வார்கள். அதற்கு மேல் ரோட்டைப் பாருங்கள். காய்ந்து வெளிறி, நார் நாராகப் பிரிந்து கிடக்கும் இலண்டம் (யானைச் சாணம்) பழையது. கரும்பச்சையாக ஈரம் மினுங்கி, வண்டு இன்னும் மொய்க்காத இலண்டம் கிடந்தால், பக்கத்தில் முறிந்த கிளையில் பால் வடிந்துகொண்டிருந்தால், அவர் உங்களுக்குச் சற்று முன்னால்தான் போயிருக்கிறார். அங்கேயே திரும்பிப் போய்ப் பஸ்ஸோ லொறியோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னாலேயே கடந்துவிடுங்கள். ஊரவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

யானையைவிட நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. சேனை (காடு வெட்டிச் செய்யும் பயிர்நிலம்), வயல் ஓரக் காடுகளில் பன்றிக்குக் கட்டும் கட்டுத்துவக்கு. விலங்குத் தடத்துக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத கம்பி ஒன்று, அதில் கால் தட்டினால் வெடி. சட்டவிரோதம், ஆனால் இருக்கிறது. மூத்திரத்துக்கு ஒதுங்குவதானாலும் ரோட்டோரத்தோடு நின்றுகொள்ளுங்கள். வயலைச் சுற்றிய மின்கம்பி எதையும் தொடவேண்டாம். அரசாங்கம் போட்ட யானை வேலி விட்டுவிட்டு அடிக்கும், வலிக்கும், விட்டுவிடும். ஆள் தெரியாமல் வீட்டு மின்சாரத்தை நேரே இழுத்துவிட்ட கம்பி விடாது. இரண்டையும் பார்த்துப் பிரிக்க உங்களால் முடியாது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை எங்காவது கண்டாலும் அதே கதைதான், வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

கூடாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், தம்பி. ஒதுக்குக் காட்டில் அனுமதியில்லாமல் தங்குவது குற்றம் என்பது ஒரு பக்கம். குளக்கரையில் இரவு தங்க நல்ல இடமாகத் தெரிவதெல்லாம் யானை தண்ணீருக்கு இறங்கும் இடம் என்பது இன்னொரு பக்கம். குளிப்பதும் ஊரவர் குளிக்கும் துறையில், அவர்கள் குளிக்கும் நேரத்தில். முதலை எல்லாப் பெரிய குளத்திலும் உண்டு. தேசிய பூங்காக்களுக்குள் சைக்கிளும் நடையும் கிடையாது, கவுடுல்லவைப் பார்க்க ஆசையென்றால் ஜீப்தான்.

எப்போது வருவது? ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை என்பது என் கணக்கு. மாரி ஓய்ந்து குளம் நிறைந்திருக்கும், வெயில் இன்னும் கொல்லத் தொடங்கியிருக்காது. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை. நெல் மணத்துக்கு யானை இரவில் இறங்கும், ஆனால் பகலில் வயலெல்லாம் ஆள் நிற்பதால் உங்களுக்குத் துணை உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான். மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று அடுப்படியில் நிற்பதுபோல முகத்தைச் சுடும். அந்த மாதங்களில்தான் வருவேன் என்றால் விடிந்த கையோடு உள்நாட்டுப் பக்கம் போய், காற்று எழும்பிய பின் அதை முதுகில் வாங்கிக்கொண்டு கடற்கரைக்குத் திரும்புங்கள். பாலைப்பழக் காலமும் அதற்குள் வரும். பழம் தின்னக் கரடி வருவதால் பாலைமரத்தடியில் இளைப்பாற வேண்டாம். செப்டெம்பர், ஒக்டோபரில் குளம் வற்றி அலைகரை அகன்று கிடக்கும், யானையைக் கட்டிலிருந்து பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை, சைக்கிள் மிதிக்க அதைவிட மோசமான காலமும் இல்லை. நவம்பர், டிசெம்பர் வேண்டாம். சப்பாத்துப் பாலத்துக்கு (ஓடையைக் கடக்கும் தாழ்ந்த பாலம்) மேலால் தண்ணீர் முழங்காலளவு ஓடும்போது "கடக்கலாம்போல இருக்கே" என்று தோன்றும். அப்படித் தோன்றியவர்களைத் தேடி நாங்கள் வள்ளத்தில் போயிருக்கிறோம்.

நான்கு நாளை நான் இப்படிப் போடுவேன். முதல் நாள் நகரிலிருந்து அநுராதபுர வீதியில், கன்னியா வெந்நீரூற்றைத் தாண்டிப் பன்குளம், முதலிக்குளம். இப்போது பெயர்ப்பலகையில் மொறவெவ என்று இருக்கும். வாகனம் குறைவு, இருபக்கமும் காடு, உங்கள் கற்பனைக்கு மிக அருகில் வரும் ரோட்டு இதுதான். காலை 6 மணிக்கு நகரைவிட்டு வெளிக்கிட்டால் வெளிச்சம் நன்றாக விழுந்த பின்தான் காட்டுத் துண்டு தொடங்கும். குளக்கட்டில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, வெயில் உச்சிக்கு ஏறுமுன் திரும்பி நகரிலேயே படுத்துக்கொள்ளுங்கள். வருகிற வழியில் கன்னியாவில் ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றினால் காலுளைவு போகும். ஏழும் ஏழு சூடு.

இரண்டாம் நாள் கந்தளாய், ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சீனன்குடாவரை மாவும் சீமெந்தும் ஏற்றிய லொறிகள் உங்களை உரசிக்கொண்டு போகும், அந்தத் துண்டை அதிகாலையிலேயே முடித்துவிடுங்கள். தம்பலகாமத்தில் பிரதான வீதியை விட்டு உள்ளே இறங்கி, வயல்வெளி நடுவே ஆதிகோணநாயகர் கோயில்வரை ஒருமுறை போய்வாருங்கள். இந்த மாவட்டத்தில் சைக்கிளுக்கென்றே போட்டதுபோல இருக்கும் ரோட்டுகள் அந்த வயல் ரோட்டுகள்தான், காடு இல்லையென்று ஒதுக்கிவிடாதீர்கள். பிறகு 96ஆம் கட்டை என்று எல்லோரும் சொல்லும் முள்ளிப்பொத்தானையில் சாப்பாடு, கந்தளாயில் தங்கல். மூன்றாம் நாள் முழுக்கக் கந்தளாய்க் குளமும் பக்கத்து வெண்டரசன்குளமும். காலை கட்டில், மத்தியானம் அறையில் நித்திரை, 3 மணிக்கு மீண்டும் வாய்க்கால் ரோட்டில், 5 மணிக்கு முன் உள்ளே. நான்காம் நாள் திரும்பல். கந்தளாய்க்கு அப்பால் ஹபரணைப் பக்கம் சைக்கிளில் போகாதீர்கள், அது பகலிலேயே யானை நிற்கும் ரோட்டு. அல்லை–கந்தளாய் ரோட்டும் அப்படித்தான், அழகானது, ஆனால் தனி ஆளுக்கு நான் சொல்லமாட்டேன். சேருவில, வெருகல் பக்கம் பார்க்க ஆசையென்றால் கிண்ணியா, மூதூர் வழியாகக் கரையோர ரோட்டால் போங்கள். 2009இல் திறந்த 396 மீட்டர் கிண்ணியாப் பாலம் வருமுன் அதெல்லாம் மிதவைப் பாதைக்கு (வாகனம் ஏற்றும் படகு) வரிசையில் நின்று கடந்த துறைகள். வழியில் எருமைத் தயிர்ச் சட்டியைக் கண்டால் விடவேண்டாம். ஆனால் சட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு கிரவலில் இறங்காதீர்கள், அங்கேயே இருந்து தின்றுவிடுங்கள்.

சைக்கிளைப் பற்றி அதிகம் கேட்டிருந்தீர்கள், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 26 அங்குல ரயர், இரண்டங்குலம் அகலம். ரியூப் எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும். 700சி ரயரோடும் மெல்லிய பிரெஸ்டா வால்வோடும் வந்தால் உதிரியும் பம்பும் நீங்களே சுமக்க வேண்டும். உடைமுள் எந்த ரயரையும் குத்தும், ஒட்டுப்போடப் பழகிக்கொண்டு வாருங்கள். கியர் இல்லாத உள்ளூர் லுமாலா சைக்கிளே இந்தத் தரைக்குப் போதும், எதிர்க்காற்றில்தான் கியரின் அருமை தெரியும். தண்ணீர் நான்கு லீற்றர். குளத்துத் தண்ணீர் குடிக்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் கடினம். சுத்திகரித்த தண்ணீர் விற்கும் சிறு நிலையங்கள் வழியில் உண்டு, அங்கே நிரப்புங்கள். ஏதும் நடந்தால் 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ்.

மலைக்கு வருகிறேன் என்றேன். உண்மையான மலையும் நீர்த்தேக்கமும் வேண்டுமென்றால், ஒரு வாரம் லீவு கிடைக்கும்போது கண்டிக்குப் போய் அங்கிருந்து தொடங்குங்கள். ஏ26 வீதி விக்டோரியா நீர்த்தேக்கப் பக்கமாக ஹுன்னஸ்கிரிய ஏறி, இடதுபக்கம் 1,863 மீட்டர் உயர நக்கிள்ஸ் தொடரை வைத்துக்கொண்டு, பதினெட்டு வளைவு என்று பேர்போன இறக்கத்தால் மகியங்கனைக்கு இறங்குகிறது. அங்கே யானைக்குப் பதில் மூடுபனியும் அட்டையும் பஸ்ஸும். இறக்கத்தில் பிரேக் கட்டை சூடேறும், இடையிடையே நிறுத்தி ஆறவிடுங்கள். மேலே போகுமுன் மண்சரிவு எச்சரிக்கை உண்டா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவிப்பைப் பாருங்கள். அந்த வழியைப் பற்றி என்னைவிட மாத்தளை, கண்டிப் பக்கத்தவர் நன்றாகச் சொல்வார்கள். மகியங்கனையிலிருந்து இந்தப் பக்கம் வருவதற்கு மட்டும் பஸ்ஸில் சைக்கிளை ஏற்றிவிடுங்கள். இடையில் உள்ளது மறுபடியும் யானை நாடு.